கவுனுக்கு ஒரு மீசை

துறைமுகத்தில் நான் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். ஓய்வு பெற்ற பிறகு மூட்டை போய்விட்டது, எண்ணுவது போகவில்லை. கொடியில் காயும் சட்டைகளில் எத்தனை பொத்தான் குறைகிறது என்று எண்ணுகிறேன். மணலிப் பக்கம் போகும் டேங்கர் லாரிகளில் பின்விளக்கு எரியாதவற்றை எண்ணுகிறேன். "எண்ணி இன்னா பண்ணப் போற நைனா?" என்று மகள் கேட்கிறாள். ஒன்றும் பண்ணுவதில்லை. கவலைப்படுகிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மேலும் கீழுமாக இரண்டு பகுதி. மேலே நானும் மகளும் அவளுடைய ஏழு வயதுப் பெண்ணும். மாப்பிள்ளை கப்பலில் வேலை, வருவார், போவார். கீழே மகன், மருமகள், அவர்களுடைய ஐந்து வயதுப் பையன். பள்ளிக்கூடம் விட்டதும் பேத்தியும் பேரனும் என் அறைக்கு வந்து டி.வி.யைப் போடுவார்கள். அவர்கள் கார்ட்டூன் பார்ப்பார்கள். நடுவில் வரும் பொம்மை விளம்பரங்களை நான் எண்ணுவேன்.

சமையல் செட்டு என்றால் திரை முழுக்க ரோஸ் நிறம். கிணுகிணுவென்று மணிச் சத்தம். ரோஸ் கவுன் போட்ட பெண் குழந்தைகள் பிளாஸ்டிக் முட்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கார், லாரி, கிரேன் என்றால் இடி இடிக்கும், புகை கிளம்பும், பையன்கள் வாயைப் பிளந்து கத்துவார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த விளம்பரங்களை எடுத்தவர்கள் பாரிமுனையைத் தாண்டி வடக்கே வந்ததில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் விறகடுப்பில் அண்டா மாதிரி தேக்சாவை ஏற்றி முந்நூறு பேருக்குப் பிரியாணி ஆக்குவது மீசை வைத்த ஆண்கள். என் மகனே பிரியாணி மாஸ்டர். அவன் மீசையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெண்கள் தொண்டையைத் திறந்தால் விளம்பரத்தின் இடி ஓரமாகப் போய் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மணி கிணுகிணுத்தால் பேரன் ஓடி வந்து டி.வி. முன்னால் உட்காருவான். இடி இடித்தால் பேத்தி.

அவளுக்குக் கிரேன் மேல் உயிர். எங்கள் மொட்டை மாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துவிட்டு வந்து சொல்வாள். "தாத்தா, ரெண்டு கழுத்தைத் தூக்கிகினு சும்மா நிக்கிது. கப்பல் இன்னும் வரல." கப்பல் இல்லாதபோது கிரேன் தன் நீட்டுக் கையை மேலே மடக்கி வைத்திருக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அதற்கு முந்தின வருடம் பேத்திக்கு விடாத காய்ச்சல் வந்தபோது மகள் பெரியபாளையத்து அம்மனுக்கு முடி வேண்டிக்கொண்டாள். இதெல்லாம் நடப்பதற்கு முந்தின மாதம்தான் மொட்டை போட்டோம். அரைத்த சந்தனம் உதிர்ந்து, தலையில் தேங்காய்நார் மாதிரி கொஞ்சம் முளைத்திருந்தது. பேரனுக்கும் பிறந்ததிலிருந்தே வேண்டுதல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை நாள் குறிக்கும்போதும் பங்காளி வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தீட்டு என்று தள்ளிப்போகும். மூன்று பேர் இதுவரை. ஆகவே அவனுக்கு முடி இடுப்பைத் தொட்டது. மருமகள் இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். வேண்டுதல் முடி என்று தெருவுக்கே தெரியும் என்பதால் யாரும் கேலி செய்யவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பொம்மைக் கடை வைத்திருந்த பாய் எனக்கு ரொம்ப வருடப் பழக்கம். அவர் கடையை எங்கள் தெரு முனைக்கு, பஸ் போகிற மெயின் ரோட்டுக்கு, மாற்றினார். திறப்பு விழாவுக்குப் பெரிய பேனர் வைக்க வேண்டுமாம். பேரனையும் பேத்தியையும் கேட்டு வந்தார்.

"வெளி ஆள் எதுக்கு அண்ணே? நம்ம வூட்டுப் புள்ளைங்களே பேனர்ல நிக்கட்டும். ஒண்ணு கையில கிரேனு, ஒண்ணு கையில கிச்சன் செட்டு. பேனர்ல யார் கையில எது கீதோ, கடை திறக்கிற அன்னிக்கு அது அவங்களுக்கே. என் வாயால சொல்றேன்."

பாய் வாயால் சொன்னால் சொன்னதுதான். பேத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் புதுக் கடையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் போனேன். பெட்டிகளை எண்ணினேன். சமையல் செட்டுப் பெட்டிகள் நாற்பத்தொன்றிலும் பெண் குழந்தைகள். ஒரே ஒரு பெட்டியில் ஒரு பையன் இருந்தான், சாப்பிட உட்கார்ந்திருந்தான். எதிர் அலமாரியில் வண்டிகள், கிரேன்கள். அத்தனையிலும் பையன்கள். ஒரு பெட்டியில் மட்டும் ஓரமாக ஒரு பெண் நின்றாள், கை தட்டிக்கொண்டிருந்தாள். இதைப் பாயிடம் சொன்னேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் போடறது அண்ணே. வந்ததை அடுக்குறேன்" என்றார். பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா, குழந்தை விழுங்குமா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பதினைந்தாவது பெட்டிக்கு வந்தபோது பாய் டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்கார வைத்துவிட்டார்.

பேனர் அடிக்கிற ஃபிளெக்ஸ் கடைக்காரன் முப்பது வயசுப் பையன். பச்சைத் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, எரிக்கிற விளக்கைப் போட்டு, குழந்தைகளை நிறுத்தினான். பேத்தி கையில் சமையல் செட்டைக் கொடுத்தான். அவள் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கிரேனை எடுத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கிரேனின் உச்சியில் ஒட்டினாள். மேலே சிவப்பு விளக்கு இருந்தால்தான் ஏரோப்ளேன் மோதாதாம். பேரன் அதற்குள் தரையில் உட்கார்ந்து, என் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, ரோஸ் நிறச் சட்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டான்.

"சார், இன்னா சார் இது? பாப்பா கையில கிரேனைக் குடுத்தா பாக்கறவன் சிரிப்பான் சார்."

"அவளுக்கு அதுதான் வேணுமாம்ப்பா."

"அவங்களுக்கு வேணுன்றதைப் போட்டா கடைக்கு இன்னா பிரயோஜனம்? விடுங்க சார், மூஞ்சி மட்டும் எடுத்துக்கிறேன். பாடி நம்ம கிட்ட ரெடியா கீது. கரெக்டா செட் பண்ணிட்றேன்."

அவனிடமிருந்த ரெடிமேட் உடம்புகள் எனக்குப் பழக்கமானவைதான். டை ஒரு பக்கம் சாய்ந்த ஒரு நீலக் கோட்டு உண்டு. எங்கள் வட்டாரத்தில் பிறந்தநாள், பணி ஓய்வு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலுமாக இதுவரை பதினொரு பேர் அந்தக் கோட்டுக்குள் போயிருக்கிறார்கள். வாழ்நாளில் கோட்டே போடாத பதினொரு பேர்.

வீட்டுக்கு வரும் வழியில், தெரு திரும்பும்போது பேத்தி கேட்டாள். "தாத்தா, கரெக்டான்னா இன்னா? கிரேனு அவனுக்கா?"

"அப்படித்தான் சொல்றாப்பல தெரியுதும்மா."

"அப்ப நாங்க மாத்திக்கிறோம்." பேரனைப் பார்த்தாள். "டேய், நீ கிரேனைக் குடு, நான் கிச்சனு குட்றேன். சரியா?"

"சரி" என்றான் அவன், அவள் முடிப்பதற்குள்.

எனக்கும் பாரம் இறங்கியது. ஆனால் சாயங்காலம் இதை மகனிடம் சொன்னபோது அவன் ஒரேயடியாக மறுத்தான்.

"அதெல்லாம் கெடையாது நைனா. கிரேனு வந்தா எங்க வூட்டு ஷோகேஸ்ல கீட்டும். கிச்சனு பாப்பாவுக்கு. நான் அடுப்பாண்ட நின்னு வேகறது பத்தாதா? இவனும் இப்பவே கரண்டி புடிக்கணுமா?"

மகன் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி போட்டது, பூட்டுப் போட்டது. அதில் ஏழு பொம்மைகள் இருக்கின்றன. ஏழும் பெட்டியோடு. ஒன்றையும் யாரும் இதுவரை தொட்டது கிடையாது. எட்டாவதாகக் கிரேன் உள்ளே போனால் அவ்வளவுதான் என்று பேத்திக்குத் தெரியும். அன்றைக்கு அவள் தோசையைத் தொடவில்லை.

நான் ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் செய்து, யார் கையில் எதைப் போடுகிறாய் என்று கேட்டேன். "பயப்படாதீங்க சார். என் பார்ட்னர் கம்ப்யூட்டராண்ட ஒக்காந்துகினுதான் கீறான். பொண்ணு கையில கிச்சனு, பையன் கையில கிரேனு. சொல்லிட்டேன்" என்றான். போனை வைத்தேன். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

திறப்பு விழா அன்று காலை டீ குடிக்கப் போனால் டீக்கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. எல்லோரும் எதிரே கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

பத்தடிப் பேனர். இடது பக்கம், ரோஸ் கவுன், வெள்ளைக் காலுறை, கையில் கரண்டி, எதிரில் அடுப்பும் பெரிய பாத்திரமும். அந்தக் கவுனுக்கு மேலே என் பேரன், இரட்டைச் சடை, ரிப்பனோடு. வலது பக்கம், நீலக் கால்சட்டை, பூட்ஸ், இடுப்பில் ஒரு கை, கிரேன் மேல் ஒரு கை. அந்த உடம்புக்கு மேலே தேங்காய்நார்த் தலையோடு என் பேத்தி. பொட்டு இல்லை. பொட்டுதான் கிரேனில் இருந்ததே.

பார்ட்னர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன். குழந்தைகளை அவன் நேரில் பார்க்கவில்லை. சடை பொண்ணு, மொட்டை பையன். சொன்னபடி கரெக்டாகத்தான் செய்திருந்தான்.

"இன்னா பெருசு," என்றான் ஓர் ஆட்டோக்காரன், "பேரனுக்குக் கவுனு சும்மா அள்ளுது!"

"கண்ணு பட்டுடப் போவுது, சுத்திப் போடு பெருசு" என்றான் இன்னொருவன்.

எனக்கு உடனே மூன்று கவலைகள் வந்தன. பையனைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள், மகன் பார்த்தால் என்ன செய்வான், பத்தடிப் பேனர் கடல்காற்றுக்குத் தாங்குமா. மூன்றாவது கவலை எப்போதும் உள்ளது.

நான் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்குள் செய்தி போய்விட்டது. மருமகள் வந்து பார்த்தாள். பார்த்ததும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பேத்தி ஓடி வந்தாள். மேலே ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தாள். "தாத்தா! என் கையில கிரேனு!" என்று குதித்தாள். பூட்ஸும் கால்சட்டையும் அவள் கண்ணில் படவே இல்லை.

அடுத்ததாக மகன் வந்தான். எங்கேயோ காலைப் பந்திக்கு ஆக்கிவிட்டு நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் விறகுப் புகை. அண்ணாந்து பார்த்தான். கைலியை மடித்துக் கட்டினான்.

"ஏணி எடு. நானே கிழிச்சுப் போட்றேன்."

பாய் குறுக்கே வந்தார். "மாஸ்டரு, கோவப்படாத. சாயங்காலம் திறப்பு. வேற அடிச்சு மாட்டிட்றேன், தோ இப்பவே சொல்றேன்." ஃபிளெக்ஸ் கடைக்காரனும் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "தலையை மாத்திப் போட ஒரு நிமிசம்தான் சார்."

அப்போது பேத்தியின் குரல் எல்லோருக்கும் கீழேயிருந்து வந்தது. "பாய் மாமா. தலையை மாத்தினா கிரேனு யாருக்கு?"

பாய் தாடியைச் சொறிந்தார். பேனரில் யார் கையில் எதுவோ அது அவர்களுக்கு என்று சொன்ன வாய். பேனர் மாறினால் கிரேன் மாறும், மாறினால் ஷோகேஸ், பூட்டு. "அது வந்து... பாப்பா..." என்றார். பேத்தியின் உதடு கோணியது. அவள் அழுகிற பெண் இல்லை, ஆனால் அது ஆரம்பம் என்று எனக்குத் தெரியும்.

"பேனர்ல கீறது அவன்தானே? அவனைக் கேளுங்க" என்றாள்.

அதுவரை அவனை யாரும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறான் என்று கூடப் பார்க்கவில்லை. பேரன் பேனருக்கு நேர் கீழே நின்று, பின்னால் விழுந்துவிடுகிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா," என்றான் அப்பாவிடம், "உன் தேக்சாவை விடப் பெருசா கீதுபா."

"அத்த வுடு. கவுனைப் பாத்தியா? பொம்பளப் புள்ள கவுனுடா. கிழிச்சுடலாமா?"

"கிழிச்சா தேக்சாவும் பூடுமா?"

"பூடும்."

பேரன் யோசித்தான். டீக்கடையே அவனோடு சேர்ந்து யோசித்தது.

"அப்ப கவுனு கீட்டும்" என்றான். மறுபடி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மீசை மட்டும் வெச்சுடு. உன்னுது மாதிரி. மீசை இல்லன்னா மாஸ்டருன்னு எப்பிடித் தெரியும்?"

தெரு இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மகன் சிரிக்கவில்லை. அவன் கை தானாகப் போய் மீசையைத் தடவியது. அதை அவனே கவனித்து, கையைக் கீழே இறக்கினான். "உன்னுது மாதிரி" என்று யாரும் அவனிடம் அதற்கு முன் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அவனும் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. அவனுடைய அப்பா நான், எனக்கு மீசை கிடையாது.

"முறுக்கி வெக்கணும்டா," என்றான் கடைசியில். "தொங்க வுட்டா நல்லா இருக்காது."

"எனக்குப் பொட்டு!" என்று கத்தினாள் பேத்தி. இப்போதுதான் அவள் தன் படத்தைச் சரியாகப் பார்த்தாள். "இப்பிடியே வுட்டா எல்லாம் என்னைப் பையன்னு நெனைச்சுக்கும். கிரேனு என்னுதுன்னு யாருக்குத் தெரியும்?"

ஆட்டோக்களுக்கு நம்பர் பிளேட் ஒட்டுகிற ஸ்டிக்கர் கடை பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கடைக்காரரை அழைத்து வந்தார்கள். மகனை நாற்காலியில் உட்கார வைத்து, மீசையைப் பார்த்துப் பார்த்துக் கறுப்பு ஸ்டிக்கரில் வெட்டினார். முறுக்கு வலது பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நான் சொன்னேன். மகன், "என்னுதே அப்பிடித்தான் நைனா" என்றான். பொட்டுக்குச் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர். பாயின் டீத் தட்டை வைத்து வட்டம் வரைந்தார்கள், அவ்வளவு பெரிய முகம். ஃபிளெக்ஸ் கடைக்காரன் ஏணியில் ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பதிமூன்று படிகளையும் எண்ணினேன். நாலாவது படி ஆடியது. அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் கேட்கவில்லை.

"இன்னும் மேல... மேல... மூக்குல ஒட்டாதடா, சளி மாதிரி கீது" என்று கீழேயிருந்து தெருவே மேற்பார்வை பார்த்தது.

சாயங்காலம் கடை திறந்தது. பாய் சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு இருவர் கையிலும் பெட்டியைக் கொடுத்தார். பெட்டியை அங்கேயே பிரித்துவிட வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். பெட்டி இருந்தால்தானே ஷோகேஸ். கடை வாசலிலேயே உட்கார்ந்து கிரேன் கொக்கியால் ரோஸ் சட்டியின் மூடியைத் தூக்கினாள். பேரன் கிளறினான். "இறக்கு, இறக்கு, தம் போட்ணும்" என்றான். மகன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அடிப் பிடிக்கும்டா, அடியிலேந்து கிளறு" என்றான், சட்டியில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் முட்டை.

அந்தப் பேனர் ரொம்ப நாள் அங்கேயே நின்றது. பாரிமுனைப் பஸ்ஸில் போகும்போது நான் வேண்டுமென்றே அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவேன். மற்றவர்கள் பார்ப்பதைப் பார்க்க.

"அந்தக் கவுனுக்கு ஏன்டி மீசை?" என்றாள் ஒருநாள் முன் சீட்டில் ஒரு பெண்.

"எவனோ பொறுக்கி ஒட்டியிருப்பான்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டுதல் முடியிலிருந்து ஆரம்பித்து, பங்காளிகள் மூன்று பேர் இறந்தது, பார்ட்னர், பாயின் வாய், எல்லாம் சொன்னேன். ராயபுரம் பாலம் தாண்டியும் முடியவில்லை. அவர்கள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. "தாத்தா, அப்ப அந்தக் கிரேனு பக்கத்துல பொட்டு வெச்சுகினு கீறது பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

மழைக்காலம் வருமுன் பாய் பேனரை இறக்கினார். பழைய ஃபிளெக்ஸுக்கு எங்கள் பக்கம் எப்போதும் கிராக்கி, கூரைக்குப் போடலாம், சரக்கை மூடலாம். ஆனால் அதற்குள் மகன் போய்ச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அவன் எங்கே ஆக்கப் போனாலும் அடுப்புக்கு மேலே அதுதான் பந்தல். வள்ளூரில் ஒரு கல்யாணத்துக்கு எங்களையும் கூட்டிப்போனான். நாலு தேக்சாவுக்கு மேலே, புகைக்கு நடுவில், படத்தில் பேரன் முறுக்கு மீசையும் ரோஸ் கவுனுமாகக் கரண்டியோடு நின்றான். கீழே என் மகன் கரண்டியோடு நின்றான். பேரன் பந்திக்கு வந்த ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து மேலே காட்டினான்.

பேத்தி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தலையில் முடி நன்றாக வளர்ந்து குட்டிக் குடுமி போட்டிருந்தாள். முகம் சரியில்லை.

"இன்னாம்மா?"

"தாத்தா, மாமா ஏமாத்திட்டாரு. என் பக்கத்தை மடிச்சுக் கட்டிட்டாரு. கிரேனு தெரியல." இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். "மாமா! அவுத்துக் கட்டு!"

"பிரியாணி தம்முல கீது பாப்பா!"

"கிரேனு மடிஞ்சிகினு கீது மாமா!"

மகன் கரண்டியை வைத்துவிட்டு ஏணியைத் தேடிப் போனான். நான் படிகளை எண்ணப் பின்னாலேயே போனேன்.